கொழும்பில் முதல் ஆறு மாதம்: கஷ்டத்தைப் பாடமாக்கிக்கொள்ள ஒரு வழிகாட்டி

விடியற்காலை நாலரைக்கு யாழ்ப்பாணத்து பஸ் வெள்ளவத்தையில் ஆட்களை இறக்கும். காலி வீதி என்ற அந்தப் பெருந்தெரு அப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். கையில் பெரிய பை, பைக்குள் அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூள், போனில் யாரோ அனுப்பிய அறை முகவரி. 2013இல் நானும் கிளிநொச்சியில் ஏறி அப்படித்தான் வந்து இறங்கினேன். வேலையும் கிடைத்திருந்தது, அறையும் கிடைத்திருந்தது. ஆனாலும் முதல் மூன்று மாதத்தில் எத்தனை இரவு பையைத் திரும்ப அடுக்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் அறை எடுத்து இருக்கும் எங்கள் அனெக்ஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் வாயால் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வன்னி, மட்டக்களப்பு, ஹட்டன், மன்னார் என்று எங்கிருந்து நீங்கள் வந்தாலும் இந்த ஊரின் முதல் ஆறு மாதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஷ்டம் ஆளை வளர்க்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். "வன்னியில் நீங்கள் படாத பாடா, இதெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்தவரை கஷ்டம் தானாக யாரையும் வளர்த்ததில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஒரே முகாமில், ஒரே தகரக் கொட்டிலில் இருந்தவர்களில் சிலர் தேறி வந்தார்கள், சிலர் களைத்து ஒடுங்கிப் போனார்கள். ஒடுங்கிப் போனவர்கள் மனவலிமை குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். பேரிடிக்குப் பிறகு மனிதரிடம் உண்டாகும் வளர்ச்சியை அளக்க 1996இல் 21 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலையும் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இது: வளர்ச்சி அந்தச் சம்பவத்திலிருந்து வருவதில்லை, பிறகு அதோடு மல்லுக்கட்டும்போதுதான் வருகிறது. வலியும் வளர்ச்சியும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். வலி போன பிறகுதான் வளர முடியும் என்றில்லை.

கீழே இருப்பதெல்லாம் அந்தப் 'பிறகு' என்ன செய்வது என்பதுதான்.

1. எந்த வகைக் கஷ்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாக் கஷ்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டினால் தூக்க முடியாது. நான் மூன்றாகப் பிரிப்பேன்.

பழகினால் போய்விடுவது ஒரு வகை. சிங்களம், பஸ் நம்பர், சமையல், வேலையில் புதிய கணினி முறை எல்லாம் இதில் வரும். உங்கள் கஷ்டங்களில் பெரும்பங்கு இதுதான் என்பது ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது வகை பொறுத்துக் கடக்க வேண்டியது. வீட்டு நினைவு, ஊரில் ஒருவர் செத்துப்போன துக்கம், ஐப்பசி மழையில் மூன்று நாளாகக் காயாத உடுப்பு. இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். "இதிலிருந்து நான் என்ன படித்தேன்?" என்று துக்கத்தைப் போட்டு உலுப்ப வேண்டாம். கடந்தாலே போதும்.

மூன்றாவது அநியாயம். இதை வாய்ப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளத்தைப் பிடித்து வைப்பது, அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது, பஸ்ஸிலோ வேலையிடத்திலோ கை வைப்பது, இவற்றைச் சகித்துக்கொண்டால் உறுதி வராது. இவற்றை நிறுத்தத்தான் வேண்டும். அதற்குச் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதம் முழுக்க அவருடைய பொறுப்பு, அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. அதில் பிழை நடந்தால் முறையிட நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கம் இருக்கிறது. எந்த அலுவலுக்கு எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1919க்கு எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம். அரச அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் விண்ணப்பம் தந்தால் தமிழில் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது. சிங்களம் பழகுவது வேறு, உரிமையை விடுவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2. ஒரு துண்டை மட்டும் எடுங்கள்

இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையைத் திருப்பியது இதுதான்.

புறக்கோட்டையில் ஒரு இறக்குமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. மேசையில் ஒரு தொலைபேசி. இரண்டாவது கிழமை அது அடித்தது. எதிர்ப்பக்கம் ஒருவர் சிங்களத்தில் படபடவென்று கதைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் வெட்கம். "ஔ, ஔ" (ஓம், ஓம்) என்று தலையாட்டி வைத்துவிட்டேன். அவர் கேட்டது "நாளைக்குச் சரக்கு வருமா?" என்று. அடுத்த நாள் அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். லொறி போகவில்லை. மத்தியானம் மேலதிகாரி எல்லோருக்கும் முன்னால் என்னை ஏசினார். நான் 101 பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தேன்.

அன்று இரவு என் அறையில் இருந்த ஹட்டன் அக்காவிடம், "எனக்குச் சிங்களம் வராது, நான் ஊருக்குப் போறன்" என்றேன். அவர் பிளேன்டீயை என் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: "உனக்கு முழுச் சிங்களமும் வேணுமா, போனுக்கு வேண்டிய சிங்களம் மட்டும் போதுமா?"

அவ்வளவுதான். ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து ஐந்து வரி எழுதினோம்.

ஹெமின் கியன்ன: ஆறுதலாகச் சொல்லுங்கள்.
ஆயெத் கியன்ன: திரும்பச் சொல்லுங்கள்.
நம மொகத்த: பெயர் என்ன.
நம்பரெ தென்ன: இலக்கத்தைத் தாருங்கள்.
மம கோல் கரன்னம்: நான் திரும்ப எடுக்கிறேன்.

அடுத்த நாள் போன் அடித்தபோது கை நடுங்கியது. கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "ஹெமின் கியன்ன" என்றேன். மறுமுனையில் இருந்தவர் சிரித்துவிட்டு உண்மையிலேயே ஆறுதலாகச் சொன்னார். பெயரையும் இலக்கத்தையும் எழுதி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். என் சிங்களம் அன்றைக்கும் முந்திய நாள் அளவுதான். ஆனால் அந்தத் தொலைபேசிக்கு நான் பயப்பட்டது அன்றோடு குறையத் தொடங்கியது.

உங்கள் கஷ்டத்தையும் இப்படி வெட்டுங்கள். "வேலை தெரியாது" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "எக்செலில் இரண்டு பட்டியலை ஒப்பிடத் தெரியாது" என்றால் ஒரு சனிக்கிழமையில் படித்துவிடலாம். "சம்பளம் காணாது" என்று சொன்னால் பெருமூச்சுத்தான் வரும். "20ஆம் திகதிக்குப் பிறகு கைமாற்று வாங்குகிறேன்" என்றால், 20க்கு முன் எங்கே போகிறது என்று பார்க்கலாம். புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஓட்டோவிலும் பின்னேரக் கடிப்பான்களிலும்தான் காசு கரைகிறது.

துண்டு சரியான அளவா என்று பார்க்க ஒரு கேள்வி இருக்கிறது. நாளை இரவுக்குள் இதைச் செய்தேனா இல்லையா என்று ஆம், இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாவிட்டால் இன்னும் வெட்டுங்கள்.

3. இரவில் நாலு வரி

அதே கொப்பி. படுக்க முன் பத்து நிமிடம். முதல் வரி நடந்தது என்ன என்பது, பக்கத்தில் நின்றவர் பார்த்தது போல. இரண்டாவது வரி அப்போது மனம் என்ன சொன்னது. மூன்றாவது அதில் என் கையில் இருப்பது எது. நாலாவது நாளைக்கு ஒரே ஒரு வேலை. என் பழைய கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

கொண்டக்டர் மிச்சக் காசு தரவில்லை, நான் கேட்கவும் இல்லை.
எனக்கு வாயே இல்லை, எல்லாரும் ஏய்ப்பார்கள் என்று நினைத்தேன்.
சில்லறை வைத்திருக்கலாம். 'இத்துரு சல்லி' என்று கேட்கலாம்.
நாளைக்கு இறங்க முதல் கேட்பது.

முதல் வரியையும் இரண்டாவது வரியையும் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நடந்தது ஒரு மிச்சக் காசு. மனம் சொன்னது என் முழு வாழ்க்கையைப் பற்றி. எழுதாத வரை இரண்டும் ஒன்றாகவே தெரியும், எழுதிய பிறகு இரண்டாவது வரி அளவுக்கு மிஞ்சிப் போயிருப்பது கண்ணுக்குத் தெரியும்.

எழுத்துக்கு இந்த வேலை இருப்பதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். மனதை உலுக்கிய அனுபவத்தை, நடந்ததும் உணர்ந்ததும் சேர்த்து எழுதியவர்கள், பிந்திய மாதங்களில் மற்றவர்களை விடக் குறைவாகவே வைத்திய நிலையத்துக்குப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது. இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள். முதல் நாளே பெரிய காயத்தை எழுதப் போகாதீர்கள். யுத்தத்தில் இழந்தவர்களைப் பற்றித் தனி அறையில், தனி இரவில் எழுதத் தொடங்கினால் அலை இழுத்துக்கொண்டு போகலாம். பஸ், போன், வாடகை, அந்த அளவில் தொடங்குங்கள். பெரியதை எழுதும் நாளில் பக்கத்து அறையில் ஒருவர் விழித்திருக்கட்டும்.

4. ஒரு ஆள் வேண்டும்

ஹவாயைச் சேர்ந்த காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் அல்லது குடி என்று பல பாரங்களோடு பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறி வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, தங்களை ஏற்றுக்கொண்டு நம்பிய ஒருவராவது அவர்களுக்கு இருந்தது. பாட்டி, மாமி, ஆசிரியர், யாரோ ஒருவர். எனக்கு அது ஹட்டன் அக்கா.

உங்களுக்கு யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் அவர் வரமாட்டார். கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. அதன் நூலகத்தில் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பாருங்கள். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில், வெள்ளவத்தை மயூரபதி அம்மன், கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்தால் பொன்னம்பலவாணேஸ்வரர். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால் எல்லா மதத்தவரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் உடைந்து, இரண்டே மாதத்துக்குள் திருத்தி மீண்டும் திறந்த இடம் அது. பக்தி இருக்கிறதோ இல்லையோ, தன்னைப் போலவே கலங்கி நிற்கும் இத்தனை பேரைப் பார்ப்பது ஒரு ஆறுதல்.

ஒவ்வொரு கிழமையும் ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் முகங்கள் பழகும். ஞாயிறு மத்தியானம் சேர்ந்து சமைப்பது எங்கள் அனெக்ஸ் வழக்கம். அது 2022 பொருளாதார நெருக்கடியில் வந்த பழக்கம். அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. காஸ் இல்லை, பெட்ரோலுக்கு வரிசை, செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதம் அளவில் நின்றது. எங்கள் ஒழுங்கையில் தச்சுப்பட்டறை மரத்துண்டு வாங்கி வந்து, பின் முற்றத்தில் மூன்று கல் வைத்து, நாலு அறைக்கும் ஒரே பானையில் பருப்பும் சோறும் ஆக்கினோம். அதற்கு முன் பக்கத்து அறைப் பிள்ளையின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த வருடத்தை ஒரு வாய்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைகள் ஒரு வேளை உணவை விட்ட வருடம் அது. ஆனால் அந்தப் பானையை நாங்கள் விடவில்லை.

வீட்டோடு கதைப்பதைப் பற்றியும் ஒன்று. "சாப்பிட்டியா?" "ஓம் அம்மா." "எல்லாம் சரியா?" "ஓம் அம்மா." இப்படியே ஆறு மாதம் ஓட்டினால் அம்மாவுக்கும் தூரம், உங்களுக்கும் தூரம். எல்லாவற்றையும் கொட்டி அவரை நித்திரையில்லாமல் ஆக்கவும் வேண்டாம். ஒரு கஷ்டத்தையும், அதற்கு நீங்கள் செய்யப்போவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "போனில சிங்களம் விளங்கேல்ல அம்மா, அக்கா சொல்லித்தாறா." கேட்பவருக்கும் அது தாங்கும்.

5. சாப்பாடு, நித்திரை, நடை

சுருக்கமாகச் சொல்கிறேன். பாணும் சம்பலும் மூன்று வேளையும் வேண்டாம். பருப்பு, முட்டை, ஒரு கீரை சேருங்கள். இரவு ஒரு மணி வரை போனைத் தடவாதீர்கள். நித்திரை கெட்ட அடுத்த நாள் சின்ன ஏச்சும் பெரிய அடியாக விழும். பின்னேரம் மரைன் டிரைவ் பக்கமோ காலிமுகத்திடலிலோ அரை மணித்தியாலம் நடவுங்கள். வைகாசியிலிருந்து தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் மூர்க்கமாக இருக்கும், பாறையில் இறங்க வேண்டாம்.

6. கிழமைக்கு ஒரு சின்னப் பயம்

வரும் கஷ்டத்தை மட்டும் சமாளித்துக்கொண்டிருந்தால் எப்போதும் பின்னுக்குத்தான் நிற்போம். கிழமைக்கு ஒன்றை நீங்களே தேடிப் போங்கள், கொஞ்சம் பயம் வரும் அளவுக்கு. முதல் கிழமை 100 பஸ்ஸில் தனியாகக் கோட்டை வரை போய், கடலோர ரயிலில் திரும்புவது. அடுத்த கிழமை புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் ஒன்றுக்குள் போய், "கீயத?" என்று விலை கேட்டு ஒரு துவாய் வாங்குவது. பிறகு வங்கியில் கணக்குத் திறப்பது. பிறகு வேலையிடக் கூட்டத்தில் ஒரு வசனம் பேசுவது.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. பயம் பத்துக்கு மூன்று, நாலு என்றால் போங்கள். எட்டு என்றால் அதையும் வெட்டுங்கள். பாதியில் திரும்பி வந்தால் தோல்வி என்று எழுதாதீர்கள், எந்த இடம் வரை போனேன் என்று எழுதுங்கள். புறக்கோட்டைக்கு மூன்று தடவை போய் எதையும் வாங்காமல் வந்த ஒரு பிள்ளை எங்களோடு இருந்தாள். நாலாவது தடவை பேரம் பேசி ஒரு குடை வாங்கினாள்.

கொப்பியால் முடியாத நேரம்

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் இல்லாமல் போனால், பிடித்தது ஒன்றும் பிடிக்காமல் போனால், இருந்தென்ன என்ற நினைப்பு வந்தால், கொப்பியை மூடிவிட்டு ஆளைத் தேடுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். கொழும்பு 7, ஹோர்டன் பிளேஸில் சுமித்ரயோ இருக்கிறது. மனம் நொந்து வருபவர்களிடம் காது கொடுத்துக் கேட்பதே அங்கே உள்ளவர்களின் பணி. அப்படிப் போய்விட்டு வந்துதான் நான் மீண்டும் வேலைக்குப் போன ஒரு மாதம் எனக்கும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 1990 அம்புலன்ஸ், காசு இல்லை.

மூன்று மாதம் கழித்து

கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனையை எடுத்து, இப்போது பயமாக இல்லாதவற்றைக் கோடு போட்டு வெட்டுங்கள். வெட்ட முடியாதவை இருக்கும். அவற்றைப் புதிய பக்கத்துக்கு மாற்றி, இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.

போன மாதம் மட்டக்களப்பிலிருந்து ஒரு தங்கச்சி எங்கள் அனெக்ஸுக்கு வந்தாள். அவளுக்கும் வேலையிடத்தில் ஒரு தொலைபேசி. என் பழைய கொப்பியைக் கேட்டு வாங்கி, அந்த ஐந்து வரியையும் தன் கையால் எழுதிக்கொண்டாள். ஆறாவதாக ஒன்று சேர்த்துவிட்டு, அதைச் சரியாகச் சொல்கிறாளா என்று என்னிடம் கேட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.